14 மாதம் வீட்டில் வைத்திருந்த நண்பரின் அப்பாவுக்கு இப்போதுதான் துட்டி (சாவுச் சடங்கு): நான் பன்றிக்குப் பங்கு கொடுக்கலாமா?

ஆற்றங்கரைக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம். இரண்டு வருடமாக இந்தோனேசியாவில், சுலவேசித் தீவில், மக்காசார் நகரத்துக்கு வெளியே ஒரு ஆலையில் பராமரிப்பு வேலை. கேள்வி கொஞ்சம் விசித்திரமாக இருக்கும், சிரிக்காமல் படியுங்கள். கதை வேண்டாம் என்பவர்கள் நேராகக் கடைசிப் பத்திக்குப் போய்விடலாம்.

என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்க்கும் நண்பர் தோராஜாக்காரர். தோராஜா என்பது தீவின் நடுவே மலைநாடு, இங்கிருந்து ராத்திரி பஸ் ஏறினால் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போன மாதம் நாலு நாள் லீவு சேர்ந்து வந்தது. "எங்க ஊருக்கு வா, வயலும் மலையுமாக உங்க ஊர் மாதிரியே இருக்கும்" என்று கூட்டிக்கொண்டு போனார். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மலையில் மேகம் இறங்கி நின்றதைப் பார்த்து எனக்குப் பாபநாசம் ஞாபகம்தான் வந்தது. வீடுகள்தான் வேறு மாதிரி. கூரையின் இரண்டு முனையும் படகு மாதிரி மேலே வளைந்து நிற்கும், முன் தூணில் எருமைக் கொம்புகளை வரிசையாக அடுக்கியிருப்பார்கள்.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று வழியிலேயே சொல்லியிருந்தார். வீட்டுக்குள் போனதும், "வா, அப்பாவைப் பார்த்துவிட்டு வந்து காப்பி குடிக்கலாம்" என்று உள் அறைக்கு அழைத்துப் போனார். படுக்கையில் ஒரு பெரியவர், கழுத்து வரை போர்த்தியிருந்தது. பக்கத்தில் ஒரு தட்டில் சோறு, காப்பி, இரண்டு சிகரெட். நண்பர் குனிந்து, "அப்பா, இந்தியாவிலிருந்து சிநேகிதன் வந்திருக்கிறான்" என்றார். அந்த முகத்தின் நிறத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் இறந்து 14 மாதம் ஆகிவிட்டதாம். அவரைப் பற்றிய பேச்சில் 'இறந்தவர்' என்ற சொல்லே இல்லை, 'தோ மக்குலா', அதாவது நோயாளி. ஈமச்சடங்கு தொடங்கி முதல் எருமை விழும்போதுதான் அவர் இறந்ததாகக் கணக்கு. அதுவரை வீட்டில் ஒருவர். வாடை எதுவும் இல்லை, ஏதோ மருந்து நெடி மட்டும். இப்போதெல்லாம் ஃபார்மலின் ஊசி போட்டுவிடுகிறார்களாம்.

எனக்குக் கையைக் கூப்பத் தோன்றியது, கூப்பினேன். பயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெளி அறைக்கு வந்ததும் நண்பரின் அம்மா காப்பித் தம்ளரை நீட்டியபோது கை போகவே இல்லை. துட்டி வீட்டுக்குப் போனால் பச்சைத் தண்ணீர்கூட வாயில் படக் கூடாது, வீட்டு வாசலிலேயே தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, உடுத்திய துணியை நனைத்துப் போட்டுவிட்டுத்தான் நடைக்குள் ஏற வேண்டும் என்று வளர்ந்தவன் நான். இங்கே சுவருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் காப்பி. வயிறு சரியில்லை என்று பொய் சொன்னேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, முகம் மட்டும் சுருங்கிவிட்டது. ராத்திரி அதே வீட்டில்தான் படுத்தேன், தூங்கினேன் என்று சொல்ல முடியாது.

தூக்கம் வராததற்குக் காரணம் பிணம் இல்லை. அதைத்தான் யாரிடமும் சொல்லாமல் இங்கே எழுதுகிறேன். எங்க தாத்தா 2008-ல் போனார். நான் சென்னையில் படித்துக்கொண்டிருந்தேன். விடியற்காலை நாலு மணிக்கு உயிர் பிரிந்தது, தகவல் கிடைத்து ஆறு மணிக்குப் பஸ் ஏறிவிட்டேன். ஊரில் இறங்கும்போது ராத்திரி எட்டு. சாயங்காலம் மூன்று மணிக்கே எடுத்துவிட்டார்கள். பொழுது சாயும் முன் எடுத்தாக வேண்டும், ராத்திரி வீட்டில் கிடத்தக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம். நான் பார்த்தது மறுநாள் காடாற்றில் ஆற்றங்கரைச் சாம்பலைத்தான். எனக்காக ஒரு ராத்திரி காத்திருக்க முடியாது என்றவர்கள் என் ஜனங்கள். இந்த வீட்டிலோ, நியூ கினியில் வேலை பார்க்கும் மூத்த மகன் லீவு வாங்கி, பணம் சேர்த்து வர வேண்டும் என்று 14 மாதமாகக் காத்திருக்கிறார்கள். அருவருப்புப் படுவேன் என்று நினைத்தேன், பொறாமைப்பட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் சடங்கு. ரம்பு சோலோ என்கிறார்கள், இறங்கும் புகை என்று அர்த்தமாம். ஐந்து நாள் நடக்கும். எருமைகளை முற்றத்தில் நிற்க வைத்து ஒரே வீச்சில் கழுத்தை அறுப்பார்கள், பன்றிகளுக்குக் கணக்கே இல்லை. வருகிறவர்கள் எருமையோ பன்றியோ கொண்டு வருவதுதான் மரியாதை. யார் என்ன கொண்டு வந்தார்கள் என்று நோட்டில் எழுதி வைத்து, அவர்கள் வீட்டில் சாவு விழும்போது திருப்பிச் செய்ய வேண்டும். எங்க ஷிப்டில் ஆறு பேர் சேர்ந்து ஒரு பன்றி கொடுப்பதாக முடிவு. என்னிடம் பங்கு கேட்கிறார்கள். நான் பிறந்ததிலிருந்து சைவம், முட்டைகூடக் கிடையாது. போகவா வேண்டாமா? போனால் பன்றிக்குப் பங்கு கொடுப்பதா? காப்பியைக் குடிக்காத பாவம் வேறு இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


சீவலப்பேரி அண்ணாச்சி எழுதியது:

தம்பி, ஆற அமரப் படித்தேன். முதலில் ஒன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது. உங்க குலதெய்வம் யாருவே? அம்பாசமுத்திரம் பக்கத்துச் சைவக் குடும்பம் என்றால் முக்கால்வாசி ஏதாவது ஒரு சாஸ்தாவாகத்தான் இருக்கும். சாஸ்தா சைவப் படைப்பு வாங்குகிறவர். அவருக்குக் காவலாக வெளியே சுடலையும் முண்டனும் கருப்பனும் பேச்சியும் நிற்பார்கள். கோயில் திருவிழாவான கொடையன்றைக்கு ராத்திரி சுடலைக்குக் கிடா வெட்டும் நேரத்தில் பூசாரி என்ன செய்வார்? சாஸ்தா சன்னதியில் திரையை இழுத்துவிடுவார். அய்யா பார்க்கக் கூடாது. திரைக்கு இந்தப் பக்கம் ரத்தம், அந்தப் பக்கம் சர்க்கரைப் பொங்கல். இதெல்லாம் நடக்கும்போது உங்க வீட்டு ஆட்கள் சன்னதிக்குள் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு இருப்பார்கள்.

அந்தக் கிடா யார் பணம்? தலைக்கட்டு வரி, குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊரில் பிரிப்பது. உங்க அப்பா வருடா வருடம் கட்டுகிறார். வரிப் பணத்தில் பந்தல், மேளம், வில்லுப்பாட்டு, கணியான் கூத்து எல்லாம் போக மிச்சம் கிடாவுக்குத்தான். என் பங்கை மட்டும் பூவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று உங்க அப்பா ரசீதில் எழுதி வாங்கியதாக எனக்குத் தெரியாது. அதனால் ஆறில் ஒரு பங்கு பன்றி உனக்குப் புதுசு இல்லை தம்பி, நீ பிறந்ததிலிருந்து கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறாய்.

நான் கொடை பார்த்து வளர்ந்தவன். மகுடம் என்கிற பறையை அடிக்க அடிக்கச் சாமிக்கு வேகம் ஏறும். கணியான் தன் கையைக் கீறி ரத்தம் எடுத்துக் கொடுப்பார். நடுச்சாமத்தில் சாமியாடி தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போவார், திரளைச் சோற்றை இருட்டில் மேலே எறிவார், அது கீழே விழாது என்பார்கள். சின்ன வயசில் நானும் காதைத் தீட்டி வைத்துக் கேட்டிருக்கிறேன், விழுந்த சத்தம் கேட்டதே இல்லை. மகுடச் சத்தத்தில் எதுதான் கேட்கும், அது வேறு விஷயம். இதை உன் தோராஜா நண்பனைக் கூட்டி வந்து காட்டு. அவன் மிரண்டு போய் மக்காசாருக்கு டிக்கெட் போடுவான்.

அந்த ஊரில் எருமை எதற்கு? செத்தவர் ஆவி ஏறிப் போக வாகனம் என்கிறார்கள் இல்லையா. நம்ம ஊரில் சனிக்கிழமை செத்தால் சனிப்பிணம் தனிப்போகாது என்று பாடையில் கோழிக்குஞ்சைக் கட்டுவதை நீ பார்த்ததே இல்லையா? சைவ வீட்டில் தேங்காய் கட்டுவார்கள், சரி, அங்கேயும் ஒரு திரை.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. 1950-ல் போட்ட உயிர்ப்பலித் தடைச் சட்டம் ஒன்று தூங்கிக்கொண்டு கிடந்தது. 2003-ல் அதைத் தூசி தட்டி எடுத்து, கோயிலில் ஆடு கோழி வெட்டக் கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. அந்த வருடம் எங்க ஊர்க் கொடையில் போலீஸ் வந்து உட்கார்ந்திருந்தது. பூசணிக்காய் வெட்டிக் குங்குமம் தடவினோம். சாமியாடி ஆடி முடித்துவிட்டு, "வயிறு நிறையலடா" என்று ஒரு சத்தம் போட்டார் பார், பந்தலில் ஒரு சத்தம் இல்லை. 2004-ல் அந்தச் சட்டத்தையே ரத்து செய்துவிட்டார்கள். வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு ரத்தம் மட்டும்தான் கண்ணில் படும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

போய்விட்டு வா. பங்கையும் கொடு.


குறுக்குத்துறை எழுதியது:

அண்ணாச்சி சொன்னதில் ஒரு திருத்தம், எல்லாச் சாஸ்தா கோயிலிலும் பலி கிடையாது. எங்க கோயிலில் பொங்கலும் பாயசமும் மட்டும்தான், எங்க தாத்தா காலத்திலேயே நிறுத்திவிட்டார்கள். மற்றபடி அந்தத் திரை விஷயம் உண்மை.


இடையன்குடி அக்கா எழுதியது:

தம்பி, நான் இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறேன், 11 வருடம் ஆகிறது. உங்கள் காப்பித் தம்ளரைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வந்த புதிதில் எங்க வார்டில் ஒரு பாட்டி இறந்தார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாமான்களை எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அடக்கம் எப்போது என்று கேட்டேன், மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை என்றார். நான் அதிர்ந்து போனேன். பெற்ற தாயைக் குளிர் அறையில் போட்டுவிட்டு மூன்று வாரம் எப்படிச் சாப்பிடுவார்கள், எப்படி வேலைக்குப் போவார்கள் என்று விடுதித் தோழிகளிடம் புலம்பினேன். இங்கே அது சாதாரணம். எங்க ஊரில் காலையில் கோயில் மணி அடித்தால் சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டிருப்போம்.

இப்போது என் அப்பா கதை. அவர் போனபோது எனக்கு லீவு கிடைத்து, விமானம் கிடைத்து, திருவனந்தபுரத்தில் இறங்கி வண்டி பிடித்து ஊர் வர மூன்று நாள் ஆனது. அதுவரை நடு வீட்டில் ஐஸ் பெட்டி. ஊரில் ஒருவரும் குறை சொல்லவில்லை, வெளிநாட்டில் மகள் இருக்கிறாள் என்பது எல்லாருக்கும் போதுமான காரணமாக இருந்தது. நம் பக்கத்தில் எந்த ஊரில் வேண்டுமானாலும் பாருங்கள், வளைகுடாவில் மகன் இருக்கும் வீடுகளில் எல்லாம் இதுதான் நடக்கிறது. என் அம்மா அந்தப் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, "அவ வந்துட்டே இருக்கா, இன்னா மதுரை தாண்டிட்டா" என்று அப்பாவிடம் பேசிக்கொண்டே இருந்தார்களாம். நான் வந்தது மதுரை வழியே இல்லை, ஆனால் அம்மாவுக்கு யார் திருத்தம் சொல்வது. நீங்கள் பார்த்த அறையில் நடந்ததும் எனக்கு இதாகத்தான் தெரிகிறது.

தோராஜாக்காரர்கள் இப்போது பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், உங்கள் நண்பரும் அப்படியாகத்தான் இருப்பார். நான் கவனித்த வரை அது எங்க கதை மாதிரியேதான். டச்சுக்காரர்கள் 1906-ல் அந்த மலையைப் பிடித்தார்கள், 1913-ல் முதல் டச்சு மிஷனரி போனார், 1917-ல் அவரைக் கொன்றுவிட்டார்கள். ஆனாலும் மிஷன் நின்றது. பழைய மதம் வேறு, ஊர் வழக்கம் வேறு என்று ஒரு கோடு கிழித்து, வழக்கம் இருக்கட்டும் என்று விட்டுவைத்தார்கள். அதனால்தான் போதகர் ஜெபம் பண்ணுகிற அதே முற்றத்தில் எருமையும் விழுகிறது.

எங்க ஊருக்கு மிஷனரி கால்டுவெல் 1841-ல் வந்தார். மொழிக்கு அவர் செய்தது எல்லாருக்கும் தெரியும், எங்க கோயிலை 33 வருடம் நின்று கட்டியதும் தெரியும். ஆனால் அண்ணாச்சி ஆசையாகச் சொல்கிறாரே கொடை, சாமியாட்டம், அதையெல்லாம் அவர் பேய் வழிபாடு என்றுதான் எழுதி வைத்தார். எங்க ஜனங்களைப் பற்றி அவர் எழுதியதில் பின்னால் பெரிய சண்டையே வந்தது. பொய் எழுதினார் என்று சொல்ல மாட்டேன். பலியைப் பார்த்தார், ஆட்டத்தைப் பார்த்தார். வரி நோட்டைப் பார்த்திருக்க மாட்டார், மூன்று நாளும் சண்டைக்காரப் பங்காளிகள் ஒரே இலையில் சாப்பிடுவதைப் பார்த்திருக்க மாட்டார். தம்பி, நீங்கள் இப்போது கால்டுவெல் நின்ற இடத்தில் நிற்கிறீர்கள். அவருக்கு இல்லாத ஒரு வசதி உங்களுக்கு உண்டு, மொய் நோட்டு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும்.

கால்டுவெல் கொடைக்கானலில்தான் இறந்தார், 1891-ல். அங்கிருந்து எங்க ஊர் வரைக்கும் கொண்டு வந்து, அவர் கட்டிய கோயிலுக்குள்ளேயே அடக்கம் பண்ணினார்கள். அந்தக் காலத்துப் பாதையில் அது எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காத்திருப்பது நமக்கும் தெரியும், யாருக்காக என்பதுதான் வித்தியாசம்.

அந்த அம்மாவிடம் திரும்பப் போய் ஒரு தம்ளர் காப்பி கேளுங்கள். பன்றி எல்லாம் அப்புறம்.


கரிசல்காட்டுப் பெண் எழுதியது:

எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்து பேசுகிறீர்கள், அதனால் மறுபக்கத்தை நான் சொல்கிறேன். எனக்குச் சங்கரன்கோவில் பக்கம்.

அங்கேயும் இருக்கிறது, இங்கேயும் இருக்கிறது, அதனால் சரி என்று முடிப்பது சோம்பேறித்தனம். இரண்டு இடத்திலும் தப்பாக இருக்கலாம் இல்லையா? அந்த ஊரில் வெள்ளை கருப்பு திட்டுப் போட்ட எருமைக்குத்தான் மவுசு. நல்ல ஒன்று பத்துக் கோடி ரூபியாவுக்கு மேல் போகும், நம்ம காசில் ஐந்து லட்சத்துக்கு மேல். பெரிய குடும்பம் என்றால் 24 எருமைக்குக் குறையக் கூடாது என்பார்கள். இதற்காக வயலை அடமானம் வைக்கிறார்கள், பிள்ளைகள் படிப்புக்கு வைத்ததை எடுக்கிறார்கள், நோட்டில் எழுதிய கடன் அப்பா செத்தால் மகனுக்கு, மகன் செத்தால் பேரனுக்கு என்று இறங்குகிறது. பொறாமைப்பட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள் ஆற்றங்கரை. அந்த 14 மாதத்தில் பாதி பாசம் என்றால் மீதி பணம் சேரவில்லை என்பதும்தான்.

எங்க பெரியப்பா தன் அம்மாவின் பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கு ஒரு ஏக்கர் கிணற்றுப் பாசனத்தை ஒத்திக்கு வைத்தார். ஊரே வந்து சாப்பிட்டுவிட்டுக் குழம்பில் உப்பு கம்மி என்றது. அந்த நிலம் திரும்பவே இல்லை. அவர் மகன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். இதைப் பாசம் என்று சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

வழக்கம் என்ற ஒரு சொல்லை முன்னால் வைத்துவிட்டால் எதையும் கேட்கக் கூடாதா? எங்களுக்கு வடக்கே விருதுநகர்ப் பக்கம் படுக்கையில் கிடக்கும் கிழவர்களுக்கு விடிய விடிய எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, கதையை முடித்துவிடுவது ஒரு காலத்தில் வழக்கம்தான், தலைக்கூத்தல் என்று பெயர்கூட உண்டு. அதற்கும் உறவெல்லாம் கூடித்தான் நிற்கும். அதைச் சரி என்று நம்மில் யாராவது சொல்வோமா?

நீங்கள் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பெரியவருக்கு மரியாதை செய்யுங்கள், சாப்பிடுங்கள், அழுங்கள். ஆனால் உங்களுக்கு ஒப்பாத ஒரு உயிர்க்கொலைக்கு உங்கள் கையால் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அண்ணாச்சி சொல்கிற திரை ஒரு ஏமாற்று என்றால், அதற்குப் பதில் திரையைக் கிழித்துவிட்டுக் கிடா வெட்டுவது மட்டும்தானா? வரி கட்டமாட்டேன் என்று சொல்லவும் வழி இருக்கிறது.


சீவலப்பேரி அண்ணாச்சி எழுதியது:

தாயி, நீ சொன்ன ஒத்திக் கதைக்கு என்னிடம் பதில் இல்லை. எங்க வீட்டிலேயும் ஒன்று உண்டு, எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் வரி கட்டமாட்டேன் என்றால் அடுத்த நாள் உன் வீட்டுத் துட்டிக்கு ஆள் வராது, அதையும் யோசி.


ஆற்றங்கரைக்காரன் எழுதியது:

அண்ணாச்சி, நேற்று அப்பாவிடம் போனில் கேட்டுவிட்டேன். "கிடாவுக்கா? அது ஊர்ப்பொது, நமக்கு என்ன தெரியும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உனக்கு இப்ப எதுக்கு இது?" என்றார். திரை வேலை செய்கிறது.

அக்கா, காப்பி விஷயம் மனசில் இருக்கிறது. கரிசல்காட்டு மேடம், நீங்கள் சொன்ன பணக் கணக்கை நண்பரிடமே கேட்டேன். அவர் மறைக்கவில்லை. அவருடைய தம்பி படிப்பை நிறுத்தியது இதற்காகத்தான் என்று சொன்னார், சொல்லிவிட்டு, "ஆனாலும் எங்க அப்பா நடந்து போக முடியாதே" என்றார். எருமை இல்லாமல் ஆவிகள் இருக்கும் பூயா நாட்டுக்கு அப்பா நடந்து போக வேண்டியிருக்குமாம். அவர் எந்திரவியல் படித்தவர், எங்க ஆலைக் கன்வேயர் முழுக்க அவர் கையில்தான் ஓடுகிறது. எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.


கப்பல்காரர் எழுதியது:

சொந்த ஊர் திசையன்விளை. மக்காசார் துறைமுகத்தில் ஆறு வருடம் இருந்தேன், இரண்டு சாவுச் சடங்குக்குப் போயிருக்கிறேன். தத்துவத்தை எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் நடைமுறையை மட்டும் சொல்கிறேன்.

கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள். வெளியூர்க்காரர்கள் சீனி அல்லது சிகரெட் கட்டு கொண்டு போவது அங்கே ஏற்றுக்கொண்ட விஷயம்தான், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். விருந்தாளிகளைக் கூட்டம் கூட்டமாக வரிசையில் அழைத்துப் போய்த் தனிப் பந்தலில் உட்கார வைப்பார்கள். காப்பி, பலகாரம், அப்புறம் வெற்றிலை பாக்கு வரும். வெற்றிலையைப் பார்த்ததும் எனக்குப் பாதிக் கூச்சம் போய்விட்டது. சுண்ணாம்பு காரம், பார்த்துத் தடவுங்கள்.

பன்றியை மூங்கிலில் கட்டித் தூக்கி வருவார்கள், அது போடும் சத்தம்தான் எனக்குத் தாங்கவில்லை. எருமையைவிட அதுதான் கஷ்டம். வெட்டும்போது முற்றத்தில் நிற்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது, பந்தலின் பின்பக்கம் போய்விடலாம். அங்கே உள்ளூர்ப் பெண்களே பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். வெட்டுகிற ஒவ்வொரு உருப்படிக்கும் உள்ளாட்சிக்கு வரி கட்ட வேண்டும், ஒரு ஆள் நோட்டோடு உட்கார்ந்திருப்பார். அப்புறம் கறியைப் பங்கு போட்டு, மேடையில் ஏறி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். யார் பெயர் முதலில், யாருக்கு எந்தத் துண்டு என்பதில் சண்டை வரும். நம்ம ஊரில் முதல் மரியாதைக்கு வருகிற அதே சண்டை.

ராத்திரி ஆண்கள் கை கோத்து வட்டமாக நின்று மெதுவாக ஆடிக்கொண்டே பாடுவார்கள், செத்தவருடைய வாழ்க்கையைப் பாட்டாகச் சொல்வது. அதை விட்டுவிடாதீர்கள். நம்ம ஒப்பாரி பெண்கள் சொத்து, அங்கே ஆண்கள் பாடுகிறார்கள். எனக்கு மொழி முழுசாகப் புரியவில்லை, ஆனாலும் விடியும் வரை உட்கார்ந்திருந்தேன்.

சாப்பாட்டுக்கு 'சாயா தீடா மாக்கான் டாகிங்' (நான் இறைச்சி சாப்பிட மாட்டேன்) என்று மட்டும் சொன்னால் போதாது. டாகிங் என்றால் அவர்களுக்கு மாடு பன்றிதான். கோழி, மீன், முட்டை என்று தனித்தனியாகச் சொல்லுங்கள், இல்லையென்றால் இலையில் கோழி வரும். சோறும் கீரையும் கட்டாயம் கிடைக்கும், மிளகாய்த் துவையல் பிரமாதம். ஊறுகாய் ஒரு பாட்டில் கொண்டு போங்கள்.

பன்றிப் பங்கைப் பற்றி என் கருத்து: கேட்டால், எனக்குப் பதில் அரிசி என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அங்கே ஒளித்துப் பேசினால்தான் வருத்தப்படுவார்கள்.


தாழிக்காடு எழுதியது:

ஆதிச்சநல்லூரை யாரும் சொல்லவில்லையே. ஆற்றங்கரை, உங்கள் தாமிரபரணி கீழே போகும் வழியில்தான் அந்தப் பரம்பு, பழங்காலத்து இடுகாட்டு மேடு, இருக்கிறது. அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டினார், 2004-ல் தொல்லியல் துறை மறுபடி தோண்டியபோது 160-க்கு மேல் முதுமக்கள் தாழிகள். சில தாழிகளில் முழு உடம்பைக் குந்த வைத்திருக்கிறார்கள், சிலவற்றில் எலும்புகளை மட்டும் பொறுக்கி வைத்திருக்கிறார்கள். எலும்பை மட்டும் எடுத்து வைக்க வேண்டும் என்றால் அதுவரை உடம்பு வேறு எங்கோ இருந்திருக்க வேண்டும் இல்லையா. பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பது இந்த ஆற்றங்கரைக்கு எப்போதும் இருந்த சட்டம் இல்லை.

எங்க ஆச்சி சொல்வாள், அந்தக் காலத்து மனிதர்களுக்குச் சாவே வராதாம், வயசாகி வயசாகிச் சுருங்கி விளக்கு மாடத்தில் உட்கார வைக்கிற அளவுக்கு ஆகிவிடுவார்களாம், அப்புறம்தான் சோறும் தண்ணியும் வைத்துத் தாழியில் இறக்குவார்களாம். கதைதான். ஆனால் நீங்கள் பார்த்த சோற்றுத் தட்டைப் படித்ததும் எனக்கு அந்தக் கதைதான் வந்தது.


ஆற்றங்கரைக்காரன் எழுதியது:

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். போய்விட்டு வந்தேன். ஐந்து நாளில் இரண்டு நாள்தான் லீவு கிடைத்தது.

முதல் வேலையாக நண்பரின் அம்மாவிடம் போய்க் காப்பி கேட்டேன். இந்தத் தடவை அப்பா முற்றத்துக்கு எதிரே உயரமான மேடையில், சிவப்புத் துணி சுற்றிய பெட்டியில் இருந்தார். அந்த அம்மா எனக்குக் காப்பி ஊற்றும்போது சிரித்தார், போன தடவை வயிறு சரியில்லை என்று சொன்னதை அவர் நம்பவே இல்லை என்று அந்தச் சிரிப்பில் தெரிந்தது. குடித்தேன். கடுங்காப்பி, சீனி ஏராளம். தொண்டையில் இறங்குவது வரைக்கும்தான் கஷ்டம்.

எருமை விழும்போது பந்தலுக்குப் பின்னால் போய்விட்டேன் கப்பல்காரரே, ஆனால் சத்தம் வரத்தானே செய்யும். கைதட்டுகிறார்கள் என்று நினைத்தேன், ஒரு எருமை உடனே விழாமல் சுற்றிச் சுற்றி ஓடியதாம், அதற்குக் கூச்சல். அந்த நிமிடம் கரிசல்காட்டு மேடம் சொன்னதுதான் சரி என்று பட்டது. ராத்திரி அந்த வட்டப் பாட்டு நடந்தபோது என் கையையும் பிடித்து இழுத்து நிற்க வைத்தார்கள். நியூ கினியிலிருந்து வந்த மூத்த மகன் எனக்கு அடுத்து நின்றான். கை சில்லென்று இருந்தது, பாட்டு முடிகிற வரைக்கும் விடவே இல்லை. அப்போது எனக்கு எது சரி என்று யோசிக்கத் தோன்றவில்லை. தாத்தாவை நினைத்துக்கொண்டு நின்றேன்.

பங்கு விஷயம்: பன்றி வேண்டாம், நான் தனியாக 25 கிலோ சீனியும் ஒரு மூட்டை அரிசியும் தருகிறேன் என்று ஷிப்டில் சொல்லிவிட்டேன். சரி என்றார்கள். கிளம்பும்போது நோட்டை வாங்கிப் பார்த்தேன். சீனியும் அரிசியும் என் பெயரில் இருக்கிறது. அதற்கு மேலே ஷிப்ட் பன்றிக்கு நேரே ஆறு பெயர், ஐந்தாவது நான். என் பங்கை மற்ற ஐந்து பேரும் போட்டு எழுதிவிட்டார்களாம். உன்னை எப்படி விட முடியும் என்றார்கள். நம்ம ஊரில் மாமா வராவிட்டாலும் மாமா பெயரில் மொய் எழுதுவோமே, அந்த மாதிரி.

பஸ் ஏறியதும் அம்மா போன் பண்ணினாள். முதல் கேள்வி, "குளிச்சியா?" அந்த மலைக் குளிரில் முகம்கூடச் சரியாகக் கழுவவில்லை, குளித்தேன் என்று சொன்னேன். "எத்தனை பேருக்குப் பந்தி?" என்றாள், ஆயிரம் பேர் இருக்கும் என்றேன். "நீ என்ன செய்முறை செஞ்ச?" என்றாள். சீனியும் அரிசியும் என்றேன். நம்ம வீட்டு நோட்டிலும் ஏற்றி வைக்கட்டுமா, நாளைக்கு அவர்கள் திருப்பிச் செய்வார்கள் இல்லையா என்று கேட்டாள். சீனி, அரிசி மட்டும் எழுதிக்கொள் என்று சொல்லிவிட்டேன்.